பில் பட்டியலிலிருந்து வாடிக்கையாளர் கணக்கு வரை: கணக்கிட்ட மாறிகளை உருவாக்க முழுமையான வழிகாட்டி

கடையின் பில்லிங் மென்பொருளிலிருந்து ஒரு வருட விற்பனையை எக்செலுக்கு இறக்கினால் என்னென்ன வரும்? பில் எண், தேதி, செல்போன் எண், பொருள், சைஸ், எத்தனை ஜோடி, தொகை. சில கடைகளில் பின்கோடும் இருக்கும். அவ்வளவுதான். முதலாளி கேட்கும் எந்தக் கேள்விக்கும் இதில் நேரடியாகப் பதில் கிடையாது. யார் திரும்பத் திரும்ப வருகிறார்கள், யார் வருவதை நிறுத்திவிட்டார்கள், இந்தத் தீபாவளி வியாபாரம் போன தீபாவளியைவிடத் தேவலாமா, ஆம்பூர்க்காரர்கள் எத்தனை பேர்? இதற்கெல்லாம் இருக்கிற விவரத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் புது நெடுவரிசை ஒன்றை நாமே உண்டாக்க வேண்டும். அதுதான் கணக்கிட்ட மாறி.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு தோல் செருப்பு, ஷூ கடை. கற்பனைக் கடைதான். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழில் நடக்கும் ஊர்களாகவே இருப்பதால், இங்கே இப்படிப்பட்ட கடைக்குப் பஞ்சமில்லை. வேலூரை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே ஒரே கல்லா முன்னால் மூன்று விதமான ஆட்கள் நிற்பார்கள். சத்துவாச்சாரியிலோ தொரப்பாடியிலோ சொந்த வீட்டில் இருக்கும் உள்ளூர்க் குடும்பம் ஒன்று. காட்பாடியில் விஐடியில் படிக்கும் வெளிமாநில மாணவர் இன்னொருவர். சிஎம்சியில் வைத்தியம் பார்க்க மேற்கு வங்கத்திலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்து, லாட்ஜில் சில வாரம் தங்கியிருக்கும் குடும்பம் மூன்றாவது. எல்லாருக்கும் பொதுவான சூத்திரத்தை அப்படியே இந்த மூவர்மேலும் போட்டால் விடை குளறுபடியாகத்தான் வரும். எங்கே குளறுபடி ஆகும், எப்படிச் சரிசெய்வது என்பதைத்தான் அதிகமாகப் பார்க்கப் போகிறோம். பட்டனை அழுத்துவது சின்ன வேலை.

படி 1: சூத்திரத்துக்கு முன்னால் ஒரு தமிழ் வாக்கியம்

மென்பொருளைத் திறப்பதற்கு முன், உங்களுக்கு வேண்டிய மாறியை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். ‘திரும்ப வரும் வாடிக்கையாளர்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை, குறைந்தது இரண்டு வெவ்வேறு நாட்களில், சரக்கைத் திருப்பிக் கொடுக்காமல் வாங்கிச் சென்ற செல்போன் எண்’ என்று எழுதினால்தான் அது சூத்திரமாக மாறும். அப்படி எழுதும்போது நான்கு கேள்விகள் தாமாகவே வந்து நிற்கும். இது ஒரு ஜோடிக்கா, ஒரு பில்லுக்கா, ஒரு ஆளுக்கா? எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? எதை விட்டுவிட வேண்டும்? விவரம் இல்லாத இடத்தில் என்ன போடுவது?

முதல் கேள்வியில்தான் பாதிப்பேர் வழுக்கி விழுகிறார்கள். இறக்கிய கோப்பில் ஒரு வரிசை என்பது பெரும்பாலும் ஒரு ஜோடி செருப்பு. ஒரு பில்லில் மூன்று ஜோடி இருந்தால் அது மூன்று வரிசை. அந்த ஆள் வருடத்தில் ஐந்து முறை வந்திருந்தால் பதினைந்து வரிசைகூட ஆகலாம். ஜோடி மட்டம், பில் மட்டம், ஆள் மட்டம் என்று மூன்று மட்டங்கள் இருக்கின்றன. நீங்கள் செய்யும் மாறி எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை வாக்கியத்தின் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: மூலத்தைச் சுத்தம் செய்தல்

தேதி. இதுதான் பெரிய தலைவலி. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால், 03/04/2025 என்பதை அது மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். நம் பில்லில் அது ஏப்ரல் 3. எரிச்சல் என்னவென்றால், தேதி 12 வரைக்கும்தான் இப்படி மாற்றிப் படிக்க முடியும். 13 முதல் 31 வரை உள்ள தேதிகளை மாதம் என்று கொள்ள வழியில்லாததால் எக்செல் அவற்றை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இந்தக் கூத்துதான் நடந்திருக்கிறது. சரிசெய்ய: மூலக் கோப்பை மறுபடி எடுத்து, தேதி நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், மூன்றாவது திரையில் தேதி வகையை நாள்-மாதம்-ஆண்டு என்று கொடுங்கள். ஏற்கெனவே மாற்றிப் படித்துவிட்ட கோப்பில் இதைச் செய்தால் பாதிதான் சரியாகும்.

செல்போன் எண். ஒருவருக்குக் கணக்கு வைக்க நம்மிடம் இருக்கும் ஒரே அடையாளம் இது. ஒருவர் 91 சேர்த்துச் சொல்லியிருப்பார், இன்னொரு நாள் முன்னால் பூஜ்யம் போட்டு எழுதியிருப்பார்கள், நடுவில் இடைவெளியும் இருக்கும். சப்ஸ்டிட்யூட் (SUBSTITUTE) சூத்திரம் வைத்து இடைவெளியையும் நடுவில் போட்ட சிறு கோடுகளையும் (-) எடுத்துவிட்டு, ரைட் (RIGHT) சூத்திரம் வைத்துக் கடைசி 10 இலக்கத்தை மட்டும் எடுங்கள். அப்புறம் எந்த எண் அதிகமுறை வருகிறது என்று ஒரு பிவட் டேபிள் (விவரத்தைத் தொகுத்து எண்ணிக் காட்டும் அட்டவணை) போட்டுப் பாருங்கள். முதலிடத்தில் இருப்பவர் பெரும்பாலும் மனிதராகவே இருக்க மாட்டார். பத்து இலக்கமும் 9 ஆக இருக்கும், அல்லது கடையின் சொந்த எண்ணாக இருக்கும். நம்பர் தர மாட்டேன் என்று சொல்பவருக்குக் கல்லாவில் இருப்பவர் அதைத்தான் அடித்துவிடுவார். இவற்றை வெற்றாக்கிவிடுங்கள். நீக்க வேண்டாம், விற்பனைத் தொகைக்கு அந்த வரிசைகள் வேண்டும்.

சுத்தம் செய்த எண்ணுக்குப் பதிலாக வா0001, வா0002 என்று ஒரு குறியீடு கொடுத்துவிட்டு, எண்ணும் குறியீடும் சேர்ந்த பட்டியலைத் தனிக் கோப்பில் கடவுச்சொல் போட்டு வையுங்கள். 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆய்வுக் கோப்பு வாட்ஸ்அப்பில் நாலு பேருக்குப் போகும்போது அதில் ஊரார் நம்பர் எல்லாம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

படி 3: எந்த மென்பொருளில் எங்கே போய்ச் செய்வது

எக்செலில் முதலில் கன்ட்ரோல்-டி (Ctrl+T) அழுத்தி விவரத்தை டேபிளாக மாற்றுங்கள். வலப்பக்கத்து வெற்று நெடுவரிசையின் ஒரு கட்டத்தில் சூத்திரத்தை எழுதினால் அது கடைசி வரை தானே இறங்கிவிடும், புது வரிசை சேர்ந்தாலும் தொடரும். பிவட் டேபிளுக்குள்ளும் கால்குலேட்டட் ஃபீல்டு என்று ஒன்று உண்டு. அது கூட்டுத்தொகைகளை வைத்துத்தான் கணக்குப் போடும் என்பதை மறக்கக் கூடாது. தொகையை ஜோடியால் வகுக்க அது நன்றாக உதவும். விலையை எண்ணிக்கையால் பெருக்கச் சொன்னால், மொத்த விலையை மொத்த எண்ணிக்கையால் பெருக்கி வானளாவ ஒரு எண்ணைக் கொடுக்கும்.

கூகுள் ஷீட்ஸில் அரேஃபார்முலா ஒன்றை முதல் வரிசையில் எழுதினால் போதும்.

பவர் பிஐயில் நியூ காலம் (New Column), நியூ மெஷர் (New Measure) என்று இரண்டு பட்டன்கள். முதலாவது ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மதிப்பைக் கணக்கிட்டுச் சேமித்து வைக்கும், விவரத்தை ரெஃப்ரெஷ் செய்யும்போது மட்டும் மாறும். இரண்டாவது, நீங்கள் படத்தில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்கேற்ப அந்த நேரத்தில் கணக்குப் போடும். ஆளைப் பிரிவில் போடுவதற்கு முதலாவது. சராசரி, விகிதம் போன்றவற்றுக்கு இரண்டாவது.

டேப்லோவில் அனாலிசிஸ் மெனுவில் கிரியேட் கால்குலேட்டட் ஃபீல்டு. ஆள் மட்டக் கணக்குக்கு ஃபிக்ஸ்டு என்ற சொல்லைப் போட்டு வாடிக்கையாளர் குறியீட்டைக் கொடுத்தால், படத்தில் என்ன மாற்றினாலும் கணக்கு ஆள்வாரியாகவே நிற்கும்.

எஸ்பிஎஸ்எஸ்ஸில் டிரான்ஸ்ஃபார்ம் மெனு, கம்ப்யூட் வேரியபிள். புது மாறியின் பெயரை ஒரு பெட்டியிலும் சூத்திரத்தை இன்னொன்றிலும் எழுதி ஓகே கொடுக்க வேண்டும். எக்செலைப் போல இது உயிரோடு இருக்கும் சூத்திரம் அல்ல. மூலத்தில் ஒரு எண்ணைத் திருத்தினால் கணக்கிட்டது பழையபடியே இருக்கும். அதனால் ஓகேவுக்குப் பதில் பேஸ்ட் பட்டனை அழுத்தி சின்டாக்ஸை (அதே வேலைக்கான கட்டளை வரிகளை) சேமித்துக்கொண்டு, தேவைப்படும்போது மறுபடி ஓட்டுவதே நல்லது. ஆள் மட்டத்துக்குச் சுருக்க டேட்டா மெனுவில் அக்ரிகேட் இருக்கிறது.

படி 4: ஜோடி மட்ட மாறி, ஜிஎஸ்டி நீக்கிய தொகை

செருப்பு வியாபாரத்தில் பில் தொகையை அப்படியே வருடத்துக்கு வருடம் ஒப்பிட முடியாது. 2022 ஜனவரி 1 முதல் 2025 செப்டம்பர் 21 வரை, ஒரு ஜோடி ரூ.1,000 வரை இருந்தால் ஜிஎஸ்டி 12 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.2,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். வரிக்கு முன் ரூ.2,000 என்று விலை வைத்த ஒரு ஷூ 2025 ஆகஸ்டில் ரூ.2,360-க்குப் போயிருக்கும். அதே ஷூ அக்டோபரில் ரூ.2,100. கடைக்கு வந்தது இரண்டு முறையும் ரூ.2,000-தான். பில் தொகையை மட்டும் பார்த்தால் வியாபாரம் 11 சதவீதம் படுத்துவிட்டது போலத் தெரியும்.

சூத்திரம்: பில் தொகையை, 1-உடன் விகிதத்தின் நூறில் ஒரு பங்கைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். ரூ.2,360-ஐ 1.18-ஆல் வகுத்தால் ரூ.2,000. இங்கே பலரும் 2,360-இல் 18 சதவீதத்தைக் கழிப்பார்கள். அப்படிச் செய்தால் ரூ.1,935.20 வரும். ஒரு ஜோடிக்கு அறுபத்தைந்து ரூபாய்க்கு அருகில் கணக்கில் காணாமல் போகும்.

விகிதத்தைச் சூத்திரத்துக்குள்ளேயே எழுதிவிடாதீர்கள். தனி ஷீட்டில் தொடக்கத் தேதி, விலை வரம்பு, கீழ் விகிதம், மேல் விகிதம் என்று நாலு நெடுவரிசை வைத்து, பில் தேதியைக் கொண்டு லுக்கப் செய்யுங்கள், அதாவது அந்தத் தேதிக்கு உரிய விகிதத்தை அந்த ஷீட்டிலிருந்து தேடி எடுக்கச் சொல்லுங்கள். நாளை அரசு மறுபடி மாற்றினால் ஒரு வரிசை சேர்த்தால் போதும். பில்லிங் மென்பொருளே விகிதத்தைத் தனியாகத் தருகிறது என்றால் யோசிக்காமல் அதையே எடுங்கள். ஏனென்றால் மொத்தத் தொகையிலிருந்து விகிதத்தை ஊகிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. புது முறையில் ரூ.2,500-க்கு 5 சதவீதம் சேர்த்தால் ரூ.2,625. 18 சதவீதம் சேர்த்தால் ரூ.2,950. ஒரு ஜோடியின் மொத்த விலை இந்த இரண்டுக்கும் நடுவே, ரூ.2,700 என்று இருந்தால் எந்த விகிதத்தைப் போட்டாலும் பொருந்தாது. அப்படிப்பட்ட வரிசைகளைத் தனியே வடிகட்டிப் பாருங்கள். இரண்டு ஜோடியை ஒரே வரிசையில் அடித்திருப்பார்கள், அல்லது விகிதத்தைத் தப்பாகப் போட்டிருப்பார்கள்.

தள்ளுபடி நெடுவரிசை இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். தள்ளுபடி இல்லாத வரிசைகளில் கட்டம் வெற்றாக இருக்கும். எக்செல் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், பவர் பிஐயும் அப்படியே. டேப்லோவும் எஸ்பிஎஸ்எஸ்ஸும் எடுக்காது. கழித்தல் குறி போட்டால் விடையே வெற்றாகிவிடும். ஒரே கோப்பை இரண்டு மென்பொருளில் போட்டு இரண்டு மொத்தம் வந்தால் முதலில் இங்கே பாருங்கள். வெற்றுத் தள்ளுபடியைப் பூஜ்யமாக நிரப்பிவிட்டுத் தொடங்குவது எல்லா மென்பொருளுக்கும் நல்லது. ஆனால் வெற்றுப் பின்கோடைப் பூஜ்யமாக்கக் கூடாது. ஒன்றில் ‘இல்லை’ என்று பொருள், மற்றதில் ‘தெரியாது’ என்று பொருள்.

படி 5: பில் மட்ட மாறி, நிதியாண்டும் சீசனும்

நிதியாண்டு எளிது. மாதம் 4 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த ஆண்டு, இல்லையென்றால் ஆண்டில் ஒன்று குறைத்தது. 2025 பிப்ரவரி பில்லுக்கு 2024 வரும், அதாவது 2024-25.

சீசன்தான் கவனமாகச் செய்ய வேண்டியது. அக்டோபர் விற்பனையை அக்டோபரோடு ஒப்பிட்டுத் தீபாவளிக் கணக்குச் சொல்பவர்களை நம்பாதீர்கள். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. தீபாவளிக்கு முந்தைய 30 நாள் என்று எடுத்தால், 2023-இல் அக்டோபர் 13 முதல் நவம்பர் 11 வரை, 2024-இல் அக்டோபர் 1 முதல் 30 வரை, 2025-இல் செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 19 வரை. மூன்று வருடமும் மூன்று இடம். 2025 சீசன் தொடங்கிய மூன்றாம் நாளே ஜிஎஸ்டி மாறியது. படி 4-ஐச் செய்யாமல் இந்த ஒப்பீட்டுக்கு வருவதில் பயனில்லை.

செய்முறை: பண்டிகைத் தேதிகளைத் தனி ஷீட்டில் எழுதுங்கள். ‘தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள்’ என்ற மாறி, தீபாவளித் தேதியிலிருந்து பில் தேதியைக் கழித்தது. அது 1 முதல் 30-க்குள் இருந்தால் ‘தீபாவளி’ என்று இன்னொரு மாறியில் எழுத வேண்டும். இரண்டையும் ஒரே சூத்திரத்தில் அடைக்காமல் தனித்தனியாக வைத்தால், 30 நாளை நாளை 21 ஆக்கிப் பார்ப்பது சுலபம். நாள் எண்ணிக்கை இருப்பதால் இன்னொரு வசதியும் கிடைக்கும்: கடைசி ஐந்து நாள் கூட்டத்தை வருடம் வருடம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் வாடிக்கையாளர் அதிகம் இருந்தால் ரம்ஜானுக்கும் இதேபோல் ஒன்று வேண்டும். அது வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். 2024-இல் ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31. இரண்டு பெருநாளும் 2024-25 என்ற ஒரே நிதியாண்டுக்குள் விழுந்துவிட்டன. அந்த ஆண்டை முன்பின் ஆண்டுகளோடு ஒப்பிட்டுவிட்டு வியாபாரம் ஏறியது, இறங்கியது என்று சொல்வதற்கு முன்னால் இதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

படி 6: ஆள் மட்ட மாறிகள்

இப்போது ஒரு ஆளுக்கு ஒரு வரிசை என்று புது ஷீட் போடுங்கள். முதல் நெடுவரிசையில் வாடிக்கையாளர் குறியீடு, அடுத்ததில் முதல் பில் தேதி, கடைசி பில் தேதி. மின்இஃப்ஸ் (MINIFS), மேக்ஸ்இஃப்ஸ் (MAXIFS) சூத்திரங்கள் இரண்டும் இதைக் கொடுக்கும். மொத்தத் தொகைக்கு சம்இஃப்ஸ் (SUMIFS).

வருகை எண்ணிக்கையைப் பில் எண்ணிக்கையாக வைக்காதீர்கள். செருப்புக் கடையில் சைஸ் சரியில்லை என்று மாற்றிக்கொண்டு போவது தினமும் நடக்கும். முதலில் வாங்கியதற்கு ஒரு பில், திருப்பிய சரக்குக்கு ஒரு பில், புதிதாக எடுத்ததற்கு ஒரு பில் என்று ஒரே ஆள் பேரில் மூன்று பில் நிற்கும். அதனால், ஒரு நாளில் அந்த ஆளின் மொத்தம் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் ஒரு வருகை. விலை வித்தியாசமில்லாமல் மாற்றியவர் அன்றைய கணக்கில் பூஜ்யம் ஆகித் தானே விலகிவிடுவார்.

சராசரி பில். ஒருவர் ஒரே முறை வந்து ரூ.3,000-க்கு வாங்கினார். இன்னொருவர் ஒன்பது முறை வந்து ஒவ்வொரு முறையும் ரூ.500. ஆள்வாரிச் சராசரிகளின் சராசரி எடுத்தால் ரூ.1,750. மொத்தம் ரூ.7,500-ஐப் பத்து வருகையால் வகுத்தால் ரூ.750. கல்லாவில் நிற்பவருக்கு ரூ.750-தான் நிஜம். விகிதம், சராசரி எதுவானாலும் முதலில் கூட்டு, கடைசியில் வகு. சராசரிக்கு மேல் சராசரி போடாதீர்கள்.

கடைசியாக வந்து எத்தனை நாள். கடைசி பில் தேதியை எதிலிருந்து கழிக்கிறீர்கள்? இன்றைய தேதி தரும் டுடே சூத்திரத்தைப் போட்டால், கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் விடை மாறும். ஜூலை 7 வரை விவரம் இருக்கும் கோப்பை ஆகஸ்டில் திறந்தால் எல்லாரும் ஒரு மாதம் பழசாகத் தெரிவார்கள். ஒரு கட்டத்தில் ‘கணக்குத் தேதி’ என்று 2025 ஜூலை 7-ஐ எழுதி எல்லாவற்றையும் அதிலிருந்து கழியுங்கள்.

இந்த நாள் எண்ணிக்கை மட்டும் தனியாக ஒன்றும் சொல்லாது. ஒருவர் 2024 ஜனவரி 14 முதல் 2025 ஜனவரி 8 வரை நான்கு முறை வந்திருக்கிறார். நடுவில் 360 நாள், மூன்று இடைவெளி, அதாவது 120 நாளுக்கு ஒருமுறை வருபவர். கணக்குத் தேதியில் அவர் வந்து 180 நாள் ஆகிவிட்டது. 180-ஐ 120-ஆல் வகுத்தால் 1.5. தன் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு தாமதம், ஒரு போன் போட்டுப் பார்க்கலாம். வருடத்துக்கு ஒருமுறை வரும் இன்னொருவரும் வந்து 180 நாள்தான் ஆகிறது. அவருக்கு விடை 0.5. அவரைத் தொந்தரவு செய்யக் காரணமே இல்லை. கடைக்கு ஒரே ஒரு மாறிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இந்தத் தாமத விகிதத்தைத்தான் செய்யச் சொல்வேன்.

ஒரே முறை வந்தவருக்கு இடைவெளியே கிடையாது. பூஜ்யத்தால் வகுக்க நேரும். பிழை வந்தால் அதை மறைக்கும் இஃப்எரர் (IFERROR) போட்டு மூடுவது எல்லாருக்கும் பழக்கம். அது இந்தப் பிழையோடு சேர்த்து எழுத்தாக நிற்கும் தேதி, உடைந்த லுக்கப் எல்லாவற்றையும் மறைத்துவிடும். ‘வருகை 1-க்கு மேல் இருந்தால் மட்டும் கணக்கிடு, இல்லாவிட்டால் வெற்றாக விடு’ என்று இஃப் வைத்து எழுதுங்கள். பிழை வந்தால் கண்ணில் படட்டும்.

படி 7: தங்கல் என்ற மாறி

இப்போது வேலூருக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். வெளியூர்க் குடும்பம் ஒன்று மூன்று வாரம் தங்கி மூன்று முறை கடைக்கு வந்தது, அப்புறம் ஊருக்குப் போய்விட்டது. முதல் வருகைக்கும் கடைசி வருகைக்கும் நடுவில் 20 நாள், இடைவெளி 10 நாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் தாமத விகிதம் 18. ‘கைநழுவிய நல்ல வாடிக்கையாளர்’ பட்டியலில் இவர்கள்தான் முதல் இடத்தில் நிற்பார்கள். கொல்கத்தாவில் இருப்பவருக்கு ஆடித் தள்ளுபடிச் செய்தி போய்ச் சேரும்.

இவர்களை ஒரேயடியாக நீக்குவதும் தப்பு. செக்கப்புக்கு ஆறு மாதத்திலோ வருடத்திலோ திரும்ப வருபவர்கள் உண்டு. அதனால் கடைக்கு வந்த வருகையை எண்ணாமல் தங்கலை, அதாவது ஒருமுறை ஊருக்கு வந்து தங்கிப்போவதை, எண்ண வேண்டும். முந்தைய வருகைக்குப் பிறகு 45 நாளுக்கு மேல் ஆகியிருந்தால் புதுத் தங்கல் என்று வைத்துக்கொள்ளலாம். 45 என்பது நான் எடுத்துக்கொண்ட எண். உங்கள் கடை விவரத்தைப் பார்த்து மாற்றலாம்.

எக்செலில் இப்படிச் செய்யுங்கள். ஆளுக்கு, நாளுக்கு ஒரு வரிசை என்று வருகைப் பட்டியல் போட்டு, குறியீடு, தேதி என்ற வரிசையில் அடுக்குங்கள். முதல் மாறி, இடைவெளி: மேல் வரிசையில் அதே ஆள் இருந்தால் இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதியைக் கழி, இல்லையென்றால் வெற்று. இரண்டாவது, புதுத் தங்கல்: இடைவெளி வெற்றாகவோ 45-க்கு மேலாகவோ இருந்தால் 1, இல்லையென்றால் 0. மூன்றாவது, தங்கல் எண்: அதே ஆள் என்றால் மேல் வரிசையின் தங்கல் எண்ணோடு இந்த 1 அல்லது 0-ஐக் கூட்டு, புது ஆள் என்றால் 1.

ஒரு ஆளை வைத்து ஓட்டிப் பார்ப்போம். 2024-இல் மார்ச் 4, மார்ச் 9, மார்ச் 20, செப்டம்பர் 11, செப்டம்பர் 15 என்று ஐந்து வருகை. இடைவெளி: வெற்று, 5, 11, 175, 4. புதுத் தங்கல்: 1, 0, 0, 1, 0. தங்கல் எண்: 1, 1, 1, 2, 2. ஐந்து முறை வந்தவர் உண்மையில் இரண்டே தடவை வேலூர் வந்திருக்கிறார், இரண்டுக்கும் நடுவே 191 நாள். இவருக்கு எதிர்பார்க்க வேண்டிய இடைவெளி பத்து நாள் அல்ல, ஆறு மாதம். தங்கல்களின் தொடக்கத் தேதியை வைத்துப் படி 6-இன் தாமத விகிதத்தை மறுபடி போட்டால் பட்டியல் ஒழுங்காகிவிடும். பவர் பிஐயிலும் இதைச் செய்யலாம், ஆனால் மேல் வரிசையைப் பார்க்கும் வேலை அங்கே கொஞ்சம் சுற்றுவழி. எக்செலிலேயே முடித்துவிட்டு ஏற்றிவிடுவது நிம்மதி.

இந்த மாறிக்கு ‘நோயாளி’ என்று பெயர் வைக்க வேண்டாம். செருப்பு வாங்கியதை வைத்து ஒருவரின் உடம்பைப் பற்றி ஊகிப்பது கடையின் வேலை இல்லை. அவர் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வந்தவராக இருக்கலாம், மகளைக் கல்லூரியில் விட வந்தவராகவும் இருக்கலாம். ‘தங்கல் வாடிக்கையாளர்’ என்பதே போதும்.

மாணவர்களுக்கு வேறு மாதிரி. டிசம்பரிலும் கோடையிலும் ஊருக்குப் போய்விடுவார்கள். கணக்குத் தேதியை ஜூன் கடைசியில் வைத்தால் அத்தனை பேரும் நின்றுபோனவர்களாகத் தெரிவார்கள். விடுமுறைத் தேதிகளைப் பண்டிகை ஷீட்டிலேயே சேர்த்து, அந்த நாட்களைக் கழித்துக் கணக்கிடலாம். அது கஷ்டமாக இருந்தால் கணக்குத் தேதியை ஆகஸ்ட் கடைசிக்கு மாற்றிவிடுங்கள்.

படி 8: பின்கோடிலிருந்து ஊர்

முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாவட்டம் பிரிப்பது சுலபம் என்று தோன்றும், இந்தப் பக்கத்தில் அது நடக்காது. 632 என்று தொடங்குவதில் குடியாத்தம் 632602 வேலூர் மாவட்டம், ஆற்காடு 632503 ராணிப்பேட்டை மாவட்டம், ஆரணி 632301 திருவண்ணாமலை மாவட்டம். ஆம்பூர் 635802, வாணியம்பாடி 635751 இரண்டும் திருப்பத்தூர் மாவட்டம். 635-இலேயே கிருஷ்ணகிரியும் வருகிறது. ஆறு இலக்கத்தையும் வைத்து ஒரு லுக்கப் பட்டியல் போடுவதுதான் வழி.

மாவட்டத்தின் பெயரைக் கல்லாவில் கையால் அடித்த பழைய கோப்பு இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய பில்களில் ஆம்பூர்க்காரருக்கும் ‘வேலூர்’ என்றுதான் இருக்கும். அப்படியே விட்டால் வேலூர் வாடிக்கையாளர் திடீரென்று குறைந்துவிட்டதாக வரைபடம் காட்டும்.

படி 9: மதிப்பெண் போடுவது பற்றி

கடைசி வருகை, வருகை எண்ணிக்கை, தொகை மூன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்து ஆளைத் தரம் பிரிக்கும் முறை பிரபலம். சம ஐந்து பங்காகப் பிரி என்று மென்பொருளிடம் சொல்லிவிடுவார்கள். வாடிக்கையாளரில் பாதிக்கு மேல் ஒரே முறை வந்தவர்களாக இருந்தால் வருகை எண்ணிக்கையைச் சம ஐந்தாக வெட்ட முடியாது. ஒரே எண்ணிக்கை உள்ளவர்களில் சிலர் 1, சிலர் 3 வாங்குவார்கள். 1 வருகை, 2, 3 முதல் 4, 5 முதல் 9, 10-உம் அதற்கு மேலும் என்று நீங்களே எல்லை போடுங்கள். தாமத விகிதமும் தங்கல் எண்ணும் சரியாக இருந்தால் இந்த மதிப்பெண் பலருக்குத் தேவையே படாது.

படி 10: சரிபார்த்தல்

ஜிஎஸ்டி நீக்கிய தொகையின் மொத்தத்தைக் கடையின் ஜிஎஸ்டி கணக்கில் உள்ள வரிக்கு முந்தைய விற்பனையோடு ஒப்பிடுங்கள். ரூபாய் நயாபைசா பொருந்தாவிட்டாலும் மாத மொத்தம் அருகில் வர வேண்டும். ஆள்வாரித் தொகைகளின் கூட்டலும், எண் தராதவர்களின் தொகையும் சேர்ந்தால் மொத்த விற்பனை வர வேண்டும். வராவிட்டால் எங்கோ வரிசை இரட்டித்திருக்கிறது, பெரும்பாலும் பவர் பிஐ போன்றவற்றில் பின்கோடு பட்டியலை இணைத்தபோது அதில் ஒரே எண் இரண்டு முறை இருந்திருக்கும்.

ஒவ்வொரு மாறிக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம், வெற்றுக் கட்டங்கள் மூன்றையும் பாருங்கள். கடைசி வருகை மைனஸில் இருந்தால் தேதி மாற்றிப் படிக்கப்பட்டிருக்கிறது. தாமத விகிதம் 40, 50 என்று இருந்தால் தங்கல் சரியாக வேலை செய்யவில்லை. அப்புறம் நாலைந்து ஆட்களை எடுத்து, அவர்களின் பில்லைக் காகிதத்தில் எழுதிக் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே முறை வந்தவர், சரக்கு திருப்பியவர், எண் தப்பாக இருந்தவர் என்று ஏடாகூடமானவர்களாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒழுங்கானவர்களை எடுத்தால் எல்லாம் சரியாகத்தான் வரும். முதலாளியை உட்கார வைத்து முதல் இருபது பேரைக் காட்டுவதும் நல்ல சோதனை. ‘இவர் போன வாரம்தானே வந்தார், எப்படி நின்றுபோனவர் பட்டியலில் இருக்கிறார்’ என்று அவர் கேட்டால், அந்த ஆள் மனைவியின் எண்ணைக் கொடுத்திருப்பார்.

கடைசியாக, கோப்பிலேயே ‘விளக்கம்’ என்று ஒரு ஷீட். மாறியின் பெயர், படி 1-இல் எழுதிய வாக்கியம், மட்டம், 45 நாள், 30 நாள் போன்ற எண்கள், கணக்குத் தேதி, எப்போது மாற்றியது. பெயரில் அலகையும் சேர்த்துவிடுங்கள்: ‘இடைவெளி_நாள்’, ‘தொகை_ஜிஎஸ்டி_இன்றி’. ‘புதியது2’, ‘ஃபைனல்_ஃபைனல்’ வேண்டாம். எல்லையை 45-லிருந்து 60-க்கு மாற்றினால் பழைய நெடுவரிசையை அழிக்காமல் பக்கத்தில் புதிதாக ஒன்றைப் போட்டு, போன மாத அறிக்கை எதில் செய்தது என்பதை அந்த ஷீட்டில் குறித்துவிடுங்கள்.